ஆங்கிலேய நண்பருக்கு எந்த ஏல்? பரிசுக்கு ஏற்ற பாட்டிலைத் தேர்ந்தெடுத்தல்

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இந்தக் கேள்வி எப்போதாவது வந்தே தீரும். அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் பணி ஓய்வு பெறுகிறார். அல்லது நாம் ஊருக்குப் போயிருந்த நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் ஒயினைவிட ஏல் வகைப் பீரையே விரும்பிக் குடிப்பவர் என்பது மட்டும் நமக்குத் தெரியும். ஒயின் என்றால் விலையைப் பார்த்து ஒருவாறு முடிவுக்கு வந்துவிடலாம். பீர் அலமாரியின் முன்னால் அந்த வழி பயன்படுவதில்லை, ஏனென்றால் அங்கே பெரும்பாலான பாட்டில்கள் ஏறத்தாழ ஒரே விலையில் நிற்கின்றன. பெயரைப் பார்த்து வாங்குவதும் அவ்வளவு பாதுகாப்பான வழி அல்ல. பப் எனப்படும் ஆங்கிலேய மதுக்கூடத்தில் மிகப் புகழ்பெற்ற பீர் பாட்டிலில் அதே தரத்தோடு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பரிசு கொடுக்க நினைப்பவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

இதற்குக் காரணம் இங்கிலாந்துப் பீரின் இயல்பிலேயே இருக்கிறது. பப்பின் நிலவறையில் வைக்கப்படும் பீப்பாய்க்குள் ஈஸ்ட் இன்னும் உயிரோடு இருந்து இரண்டாம் முறையாக நொதிக்க, அதில் உண்டாகும் மென்மையான வாயுவோடு, 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்ச்சியில், கைப்பம்பால் இழுத்து ஊற்றப்படுவதே அந்நாட்டு மரபில் வந்த ஏல். பீப்பாயைத் திறந்துவிட்டால் மூன்று நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். இந்த வகைப் பீர் அழிந்துவிடக் கூடாது என்பதற்காகவே 1971இல் காம்ரா என்ற நுகர்வோர் இயக்கம் தொடங்கப்பட்டது. யார்க்‌ஷயரின் கீத்லியிலிருந்து வரும் டிமதி டெய்லரின் லேண்ட்லார்டு, சஸெக்ஸின் லூயிஸ் நகரத்து ஹார்விஸ் நிறுவனத்தின் சஸெக்ஸ் பெஸ்ட், லண்டன் சிஸிக்கில் காய்ச்சப்படும் ஃபுல்லர்ஸின் லண்டன் பிரைடு ஆகியவை பீப்பாயில் கிடைக்கும்போது உலகத்தரம் வாய்ந்தவை. பாட்டிலுக்கு மாற்றும்போது இவ்வகைப் பீரைப் பொதுவாக வடிகட்டி, ஈஸ்ட்டை நீக்கி, வாயுவைக் கூடுதலாகச் சேர்த்து அடைக்கிறார்கள். அதில் இழக்கும் உடல்கட்டை ஈடுசெய்யச் சில நிறுவனங்கள் ஆல்கஹால் வீரியத்தையும் சற்று ஏற்றிவிடுகின்றன; லண்டன் பிரைடு பீப்பாயில் 4.1 சதவீதம், பாட்டிலில் 4.7 சதவீதம். வாரந்தோறும் பப்பில் இதைக் குடிப்பவருக்கு அதையே பாட்டிலில் கொடுத்தால் அவர் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார், ஆனால் கையில் இருப்பது தமக்குப் பிடித்த பீரின் மங்கலான பிரதி என்பது முதல் மிடறிலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே பரிசாகக் கொடுக்கப் பாட்டிலையே தன் இயல்பான இடமாகக் கொண்ட பீரைத் தேட வேண்டும். இந்த அளவுகோலை வைத்து, கடைகளில் நமக்குக் கிடைக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்க்கலாம்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பல்பொருள் அங்காடியில் நான்கைந்து பாட்டில்களை ஒரே அட்டைப்பெட்டியில் அடுக்கி விற்கும் கலவைப் பெட்டி. வாங்குவது எளிது, பார்வைக்கும் நிறைவாக இருக்கும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் பெரும்பாலும் இருப்பவை மேலே சொன்னவற்றைப் போன்ற, பிட்டர் எனப்படும் அன்றாடக் கசப்பு ஏல் வகைகளே. பெட்டியை எடுத்துக் கண்ணாடியின் நிறத்தைப் பாருங்கள். நிறமற்ற கண்ணாடியில் அடைத்த பீர் ஒன்றிரண்டாவது அதில் இருக்க வாய்ப்பு உண்டு. பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற பூ தரும் கசப்புப் பொருள் ஒளிபட்டுச் சிதைந்து, பீரில் உள்ள கந்தகச் சேர்மங்களோடு சேரும்போது முகம் சுளிக்க வைக்கும் வாடை ஒன்று உருவாகிறது. நேரடி வெயிலில் இதற்குச் சில நிமிடங்களே போதும், கடை விளக்கின் கீழ் நாட்கணக்கில் நின்றாலும் இதே கதிதான். பழுப்புக் கண்ணாடி அந்த ஒளியைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. பச்சையும் நிறமற்றதும் அவ்வளவாகத் தடுப்பதில்லை. பொன்னிறத் திரவம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக நல்ல பீரை நிறமற்ற கண்ணாடியில் அடைக்கும் வழக்கம் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. பாடுபட்டுக் காய்ச்சியவரின் உழைப்பு கடை அலமாரியிலேயே வீணாகிறது. கலவைப் பெட்டியைத்தான் வாங்குவது என்று முடிவு செய்தால், எல்லாப் பாட்டில்களும் பழுப்பாக இருப்பதையும், குடிக்க வேண்டிய கடைசித் தேதி பல மாதங்கள் தள்ளியிருப்பதையும் பார்த்து வாங்குங்கள். வேடிக்கையான பெயரும் பண்டிகைக் கால ஓவியமும் ஒட்டிய பாட்டில்களை அலமாரியிலேயே விட்டுவிடலாம்.

அதைவிட நல்ல வழி, அதே செலவில் நாமே மூன்று பாட்டில்களைத் தேர்ந்தெடுப்பது. பாட்டிலில் நன்றாக நிலைத்து நிற்கும் நடுத்தர வீரிய ஏல்கள் இங்கிலாந்தில் நிறையவே உண்டு. சஃபோக் கடற்கரையின் சவுத்வோல்டு ஊரில் ஆட்னம்ஸ் நிறுவனம் காய்ச்சும் பிராட்சைடு அவற்றில் ஒன்று. அவ்வூர்க் கடலில் 1672இல் டச்சுக் கப்பற்படையோடு நடந்த சோல் பே போரின் முந்நூறாம் ஆண்டு நினைவாக 1972இல் தொடங்கப்பட்ட பீர் அது. பீப்பாயில் 4.7 சதவீதமாக இருப்பது பாட்டிலில் 6.3 சதவீதமாக ஏறி, உலர்பழக் கேக்கின் சுவையோடு கனத்து நிற்கிறது. லண்டன் பிரைடைப் போல அல்லாமல், இங்கே பாட்டில் தனக்கென ஒரு தன்மை கொண்ட வேறொரு பீராகவே ஆகிவிடுகிறது.

வடக்கு யார்க்‌ஷயரின் மேஷம் என்ற சிறிய சந்தை ஊரில் தீக்ஸ்டன், பிளாக் ஷீப் என்று இரண்டு மதுவடிப்பாலைகள் நடந்து போகும் தொலைவில் இருக்கின்றன. தீக்ஸ்டன் குடும்ப நிறுவனம் 1980களில் பெரிய நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனபோது, அக்குடும்பத்தைச் சேர்ந்த பால் தீக்ஸ்டன் விலகிவந்து 1992இல் தொடங்கியதே பிளாக் ஷீப். மூத்த நிறுவனம் பின்னாளில் மீண்டும் குடும்பத்தின் கைக்கே வந்து சேர்ந்தது. தீக்ஸ்டனின் ஓல்டு பெக்குலியர் 5.6 சதவீதம், பிளாக் ஷீப்பின் ரிக்வெல்டர் 5.7 சதவீதம், இரண்டும் கருஞ்சிவப்பான, மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) மிகுந்த ஏல்கள். ஒரே ஊரின் இந்த இரண்டு பாட்டில்களைச் சேர்த்துக் கொடுத்தால் அந்தக் குடும்பக் கதையும் பரிசோடு சேர்ந்து போகும். ஏல் விரும்பிகளுக்கு இத்தகைய கதைகள் பிடிக்கும்.

அதே யார்க்‌ஷயரின் டாட்கேஸ்டரில் 1758இலிருந்து இயங்கும் சாமுவேல் ஸ்மித் நிறுவனத்தின் பாட்டில்களும் பரிசுக்கு மிகவும் பொருத்தமானவை. கற்பலகையால் அமைந்த சதுரத் தொட்டிகளில் நொதிக்கவைக்கும் பழைய முறையை அங்கே இன்றும் கைவிடவில்லை. அவர்களுடைய ஓட்மீல் ஸ்டவுட் என்ற கறுப்புப் பீர், நட் பிரவுன் ஏல் இரண்டும் 5 சதவீதமே. பார்வைக்கும் பழமையான அழகு கொண்ட 550 மில்லி பாட்டில்களில் வருகின்றன. ஸ்டவுட் என்றவுடன் கின்னஸை நினைப்பவர்கள் உண்டு. அது அயர்லாந்தினுடையது, இங்கிலாந்துப் பரிசுப் பெட்டியில் அதற்கு இடமில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலே, பரிசு என்ற சொல்லுக்கே முழுவதும் பொருந்துவதாக நான் கருதுவது, ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து குடிக்கக்கூடிய வீரியம் மிக்க ஏல்களை. பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்ட்டோடு அடைக்கப்பட்டு, மெல்ல மெல்ல முதிர்பவை பல இந்த வகையில் உண்டு. அவற்றுக்குப் பாட்டிலே பீப்பாயின் வேலையைச் செய்கிறது. ஃபுல்லர்ஸ் நிறுவனம் 1997 முதல் ஆண்டுதோறும் வெளியிட்டுவரும் விண்டேஜ் ஏல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 8.5 சதவீத வீரியம், 500 மில்லி பாட்டில், தனி அட்டைப்பெட்டி, அந்த ஆண்டின் பெயர். ஒவ்வோர் ஆண்டும் மால்ட்டையும் ஹாப்ஸையும் சற்றே மாற்றுவதால் ஓர் ஆண்டைப் போல மற்றோர் ஆண்டு இருப்பதில்லை. ஃபுல்லர்ஸின் பீர்த் தொழில் 2019இல் ஜப்பானின் அசாஹி நிறுவனத்துக்கு விற்கப்பட்டபோது இரசிகர்கள் பலர் கவலைப்பட்டார்கள். இந்த ஆண்டு வெளியீடு அதன் பிறகும் தொடர்ந்தது.

இதை ஊற்றிக் குடிப்பதே தனி அனுபவம். பாட்டிலை முதல் நாளே நிமிர்த்தி வைத்திருந்தால் ஈஸ்ட் அடியில் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். குவளையைச் சாய்த்துப் பிடித்து, இடையில் நிறுத்தாமல் ஒரே சீராக ஊற்றிவந்து, பாட்டிலின் கழுத்துக்குள் கலங்கல் வரத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். செம்பு நிறத்தில் தெளிந்து நிற்கும் ஏலின் மேல் பழுப்பு கலந்த நுரை தாழ்வாகப் படரும். புதிய பாட்டிலில் முதலில் எழுவது ஃபுல்லர்ஸ் ஈஸ்ட்டுக்கே உரிய ஆரஞ்சு மர்மலேடு மணம், அதன் பின்னால் ஹாப்ஸின் கசப்பு. சில ஆண்டுகள் கழித்துத் திறந்தால் அந்தக் கசப்பு அடங்கி, பேரீச்சையும் உலர்திராட்சையும் ஷெர்ரியின் சாயலும் முன்னே வந்துவிடுகின்றன. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே இப்படிக் காலத்தையும் சேர்த்துக் கொடுக்கும் பொருள்கள் அரிது என்பதால், விலை சாதாரணப் பாட்டிலைவிடச் சில மடங்கு கூடினாலும் நான் இதையே முதலில் பரிந்துரைப்பேன்.

இதே வரிசையில் ஸ்டாக்போர்ட்டின் ராபின்சன்ஸ் காய்ச்சும் ஓல்டு டாம் 8.5 சதவீதம். 1899இல் முதன்முறை காய்ச்சியபோது குறிப்பேட்டில் வரையப்பட்ட பூனை முகம் இன்றும் அதன் அடையாளமாக இருக்கிறது. 330 மில்லிச் சிறு பாட்டில் என்பதால் ஒரே அமர்வில் ஒருவர் குடிக்க ஏற்றது, விலையும் குறைவு. சாமுவேல் ஸ்மித்தின் யார்க்‌ஷயர் ஸ்டிங்கோ ஓராண்டுக்கு மேல் ஓக் பீப்பாய்களில் கிடந்த பிறகே பாட்டிலுக்கு வருகிறது; மரத்தின் துவர்ப்பும் தோசைக்கல்லில் கருகிய வெல்லத்தின் இனிப்பும் சேர்ந்த அந்தச் சுவை இந்தப் பட்டியலில் என் தனிப்பட்ட விருப்பம்.

ஆனால் ஒன்றைப் பற்றி எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஹார்விஸின் இம்பீரியல் எக்ஸ்ட்ரா டபுள் ஸ்டவுட், லண்டனிலிருந்து ரஷ்யப் பேரரசுக்கு ஸ்டவுட் ஏற்றுமதி செய்த லெ காக் என்ற வணிகரின் பழைய மரபைத் தழுவி 9 சதவீத வீரியத்தில் உருவாக்கப்பட்டது. காட்டு ஈஸ்ட்டின் வேலையால் அதில் தோலும் அதிமதுரமும் கலந்த மணமும், நாக்கைக் கூசவைக்கும் புளிப்பும் இருக்கும். தேர்ந்த சுவைஞர் அதைக் கொண்டாடுவார், மற்றவர் பாட்டில் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்துவிடுவார். பெறுபவரின் சுவையை நன்றாக அறிந்தால் ஒழிய அதைத் தொடாதிருப்பது நல்லது.

முதிரவைக்கும் ஏல்களுக்கு நேர் எதிர்த்திசையில் இருப்பவை ஹாப்ஸை முதன்மையாகக் கொண்ட ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல் வகைகள். அரைத்த காப்பித்தூளைப் போல இவற்றின் மணம் நாளுக்கு நாள் குறையும். இரண்டு மூன்று மாதங்களுக்குள் குடித்துவிட வேண்டும். நமக்கு இந்த வகையோடு ஒரு வரலாற்றுத் தொடர்பு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டிலும் லண்டன் போ பகுதியின் ஹாட்ஜ்சன் மதுவடிப்பாலையிலிருந்தும், 1820களுக்குப் பிறகு பர்ட்டன் நகரத்து மதுவடிப்பாலைகளிலிருந்தும் கப்பலேறிய வெளிர்நிற ஏல் கல்கத்தா, சென்னை, மும்பைத் துறைமுகங்களுக்கு வந்து இறங்கியது. கடற்பயணத்தைத் தாங்கும் ஒரே பீர் அதுதான் என்று சொல்லப்படும் கதை சரியல்ல. இந்தியாவில் இருந்த படைவீரர்களுக்காகக் போர்ட்டர் என்ற கறுப்பான பீரும் ஏராளமாக வந்து சேர்ந்தது. பர்ட்டன் வெற்றி பெற்றதற்கு ஒரு காரணம் அவ்வூர்த் தண்ணீர். அதில் மிகுந்திருக்கும் ஜிப்சம் ஹாப்ஸின் கசப்பை உலர்ந்ததாகவும் துல்லியமாகவும் எடுத்துக்காட்டுகிறது. இன்று இந்த வகையில் பரிசுக்கு ஏற்றவை என்றால் டெர்பிஷயரில் தார்ன்பிரிட்ஜ் 2005 முதல் காய்ச்சும் 5.9 சதவீத ஜெய்ப்பூர், கார்ன்வாலில் செயின்ட் ஆஸ்டெல் காய்ச்சும் 5.5 சதவீத புராப்பர் ஜாப் ஆகிய இரண்டையும் சொல்வேன். புராப்பர் ஜாப் பாட்டிலுக்குள்ளேயே நொதிக்கும் வகை. பிறந்தநாள் அடுத்த வாரம் என்றால் இவை பொருந்தும். கிறிஸ்துமஸுக்கு என்று செப்டம்பரிலேயே வாங்கி அலமாரியில் வைப்பதற்கு இவை உகந்தவை அல்ல.

இளைய தலைமுறையினர் விரும்பும் கலங்கலான டின் பீர்களுக்கும் இதே விதி, இன்னும் கடுமையாகப் பொருந்தும். டின்னின் அடியில் அடைத்த தேதியைப் பார்த்து, ஒரு மாதத்துக்குள் அடைத்ததை மட்டும் எடுங்கள். புதியதும் பழையதும் சேர்ந்த சுவை வேண்டுமென்றால் லண்டன் பெர்மண்ட்சியின் கெர்னல் மதுவடிப்பாலையின் பாட்டில்களைத் தேடலாம். 2009இல் தொடங்கிய அந்த நிறுவனம் 19ஆம் நூற்றாண்டு லண்டன் செய்முறைகளைத் தழுவிக் காய்ச்சும் ஸ்டவுட்கள், பழுப்புத்தாளைப் போன்ற எளிய சீட்டோடு, படாடோபம் எதுவும் இல்லாமல் வருகின்றன.

பப்பின் சுவையையே வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பவருக்கு 5 லிட்டர் கொள்ளும் சிறு பீப்பாய் ஒன்று உண்டு. ஏறத்தாழ ஒன்பது பைன்ட், அதாவது பப்பின் பெரிய குவளைகள் ஒன்பது கிடைக்கும். பீப்பாய் ஏலுக்கு இதைவிட நெருங்கிய பரிசு இல்லை என்றாலும், ஒருநாள் அசையாமல் வைத்துத் தெளியவிட வேண்டும், திறந்தபின் இரண்டு மூன்று நாட்களில் தீர்க்க வேண்டும். விருந்து வைக்கும் குடும்பத்துக்கு இது அருமையானது. தனியாக வாழும் ஒருவருக்குக் கொடுத்தால் அது அவர்மேல் ஏற்றும் சுமையாகிவிடும்.

எதை வாங்குவதானாலும் பெறுபவரைப் பற்றிச் சிலவற்றை முன்கூட்டியே விசாரித்துவிடுவது மரியாதை. அவர் பால், முட்டை உட்பட விலங்குப் பொருள் எதையும் தொடாத வீகனா, அல்லது நம்மில் பலரைப் போலச் சைவமா என்று கேளுங்கள். பீரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசையைச் சேர்ப்பது இங்கிலாந்தில் நெடுநாளைய வழக்கம். பாம்பன் பக்கத்து மீனவர்கள் நெட்டி என்று எடுத்து விற்கும் அதே உறுப்புதான். இப்போது பல நிறுவனங்கள் அதைத் தவிர்க்கின்றன. சாமுவேல் ஸ்மித்தின் பெரும்பாலான பாட்டில்களில் வீகன் சங்கத்தின் முத்திரை இருக்கும். ஒவ்வொரு பாட்டிலிலும் அதைத் தேடிப் பார்த்து வாங்குங்கள். குடியைக் குறைத்துக்கொண்டவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு (ஒரு யூனிட் என்பது 10 மில்லி தூய ஆல்கஹால்) மேல் வேண்டாம் என்பது பிரிட்டன் மருத்துவ அதிகாரிகளின் அறிவுரை, 8.5 சதவீத ஏல் 500 மில்லி பாட்டில் ஒன்றே 4.25 யூனிட். அத்தகையவருக்கு ஆட்னம்ஸின் கோஸ்ட் ஷிப் ஏலின் 0.5 சதவீத வடிவம் இருக்கிறது. எலுமிச்சைத் தோலின் மணத்தோடு, அசல் ஏலுக்கு வியக்கத்தக்க அளவு நெருங்கி நிற்கும் பானம் அது. மருத்துவர் சொல்லியோ தாமாகவோ மதுவை முழுவதும் நிறுத்தியவருக்குப் பீர் வடிவில் எதையும் கொடுக்காதிருப்பதே அன்பு.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது என் தேர்வு பெறுபவரைப் பொறுத்து இப்படி அமையும். ஓய்வுபெறும் மூத்தவருக்கு ஒரே ஆண்டின் விண்டேஜ் ஏல் இரண்டு பாட்டில்கள்: ஒன்றை இப்போது குடிக்க, மற்றொன்றைச் சில ஆண்டுகள் கழித்துத் திறக்க. பக்கத்து வீட்டுக்காரருக்கு அவருடைய சொந்த மாவட்டத்துப் பீரைக் கொடுப்பேன், ஏனென்றால் தாம் பிறந்த மண்ணின் பீர் என்றால் ஆங்கிலேயர்களுக்குத் தனிப் பற்று உண்டு. கென்ட் மாவட்டத்தவர் என்றால் ஃபேவர்ஷமின் ஷெப்பர்டு நீம் காய்ச்சும், பாட்டிலுக்குள் நொதிக்கும் ‘1698’ என்ற பெயருடைய ஏல்; கார்ன்வால்காரர் என்றால் புராப்பர் ஜாப்; யார்க்‌ஷயர்காரர் என்றால் மேஷம் இரட்டை. அவருடைய சுவை எதுவுமே தெரியாதபோது ஓட்மீல் ஸ்டவுட், பிராட்சைடு, ஓல்டு டாம் என்ற மூன்றும் சேர்ந்த சிறு தொகுப்பு எவரிடமும் தோற்காது. கண்ணாடிக் குவளையும் பாட்டிலும் சேர்த்து விற்கும் பெட்டிகளை நான் வாங்குவதில்லை. ஏல் விரும்பியின் வீட்டில் குவளைக்குப் பஞ்சம் இருக்காது.

கொடுக்கும்போது சிறு அட்டை ஒன்றில் மூன்று செய்திகளை எழுதி வையுங்கள்: பாட்டிலை நிமிர்த்தி, இருட்டான குளிர்ந்த இடத்தில் வைக்கவும், குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தால் அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறக்கவும், அடியில் படிந்த ஈஸ்ட்டைப் பாட்டிலிலேயே விட்டுவிடவும். முதிரவைக்க வேண்டிய பாட்டில் என்றால், எந்த ஆண்டுக்குப் பிறகு திறக்கலாம் என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம்.